பெரியம்மாவுக்கு வந்த கோபம்

தனிக்குடித்தனம் என்றால் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் தனியாக இருப்பது என்று அர்த்தம். என்னுடையது அசல் தனி. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், அப்புறம் பெரியம்மா. அங்கே குடிபோன முதல் வாரத்திலேயே பெரியம்மா என்னைப் பார்த்துக் காலைத் தூக்கிவிட்டாள்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா இல்லை. என் சிலந்தி. டாரண்டுலா என்பார்களே, விரித்த உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் முடியோடு இருக்குமே, அந்த வகை. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் எடை போடுகிற தோரணைக்காக நான் வைத்த பெயர். பூனை வளர்க்கிறேன் என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. சிலந்தி வளர்க்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் படியேறுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதில் எனக்கு லாபம்தான் என்று முதலில் நினைத்தேன்.

கல்யாணமான புதிதில் அவர்தான் இரண்டு குஞ்சுகளை வாங்கி வந்தார். இரண்டு சின்னப் புட்டிகளில், கொத்தமல்லி விதை அளவில். ஒன்று சுருட்டை முடி வகை, இன்னொன்று செம்முதுகு வகை என்று கடைக்காரர் சொன்னாராம். எது எது என்று கேட்டதற்கு, வளர்ந்தால் தெரியும் என்றாராம். குழந்தையில் இரண்டும் ஒரே மண் நிறம், ஒரே உருவம். எங்களுக்கும் அப்போது வேறு வேலை இல்லை. விளக்கைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டு, தலையோடு தலை முட்ட, எதற்கு முடி சுருள்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்போம். அவர் பேசமாட்டார். நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன். அது நன்றாகத்தான் இருந்தது.

வளர வளர வித்தியாசம் தெரிந்தது. சுருட்டை வகைக்கு உடம்பு செம்புப் பழுப்பு. முடி நீளமாக வளர்ந்து நுனியில் வளையும், தூங்கி எழுந்தவள் தலை மாதிரி. செம்முதுகு நல்ல கறுப்பு. வயிற்றின் மேல் சிவப்பு முடி, குச்சி குச்சியாக நேரே நிற்கும். ஆனால் தோல் உரிக்கிற காலம் நெருங்கினால் இரண்டும் வெளுத்து, முடி கொட்டி, பழையபடி ஒரே மண் நிறத்துக்கு வந்துவிடும். அப்போது நிறத்தை நம்பக்கூடாது. "முடியோட நுனியைப் பாரு" என்பார் அவர். வாய் திறந்து அவர் சொன்ன அபூர்வமான முழு வாக்கியங்களில் அது ஒன்று.

குணத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சுருட்டைக்கு எதற்கும் அவசரம் கிடையாது. பின்னால் தூரிகையால் தொட்டால், யார் என்று கேட்கிற மாதிரி ஒரு காலை மட்டும் நகர்த்தும். கையை முன்னால் வைத்தால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். செம்முதுகு நேர் எதிர். மூடி திறக்கிற அரவத்துக்கே ஓட்டம். இன்னும் தொந்தரவு செய்தால் முதுகைக் காட்டித் திரும்பி, பின்னங்காலால் வயிற்று முடியைத் தேய்த்து நம் மேல் உதறிவிடும். கண்ணுக்கே தெரியாத அந்த முடி கையில் பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். ரொம்பவும் கோபம் வந்தால் முன்னங்கால் இரண்டையும் தூக்கி, போக்குவரத்தை நிறுத்துகிற மாதிரி நிற்கும். அதனால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். சுருட்டையை, அதாவது பெரியம்மாவை, நான் எடுத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் அவர் பொறுப்பு.

ஜோடி மாறிப்போச்சு என்று என் அக்கா கேலி செய்வாள். அவள் சொல்வது நியாயம்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்தாலும், பதறாமல் திருப்புளியை எடுத்து வேலையைத் தொடங்குகிற ஆள். நான் அழகு நிலையத்தில் முடி வேலை செய்கிறவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். கொட்டித் தீர்த்துவிட்டு, அரை மணியில் மறந்துவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்பேன். அவர் மறக்கிறாரா, மன்னிக்கிறாரா, காதில் வாங்கினாரா என்றே தெரியாது. என்ன சொன்னாலும் அதே முகம். ஒரு தரமாவது திருப்பிக் கத்துங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். சரி என்பார்.

சுவரோடு எத்தனை வருஷம் பேச முடியும்? ஒருநாள், நான் போகிறேன் என்றேன். அதற்கும் சரி என்றுதான் சொன்னார்.

சாமான் பிரிப்பதில் சண்டை வரவில்லை. சண்டைக்கு இரண்டு ஆள் வேண்டும். நான் துணிமணிகளை அள்ளிக்கொண்டிருந்தபோது சிலந்தி டப்பாவை அவரே கட்டிக்கொடுத்தார். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, மூலையில் ஈரப் பஞ்சு வைத்து, காற்றுத் துளைகளை ஊதிப் பார்த்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, நீல மூடி டப்பாவை என்னிடம் நீட்டினார். நீல மூடி பெரியம்மாவுடையது, பச்சை மூடி இன்ஸ்பெக்டருடையது. "குலுக்காம எடுத்துட்டுப் போ" என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வாரா என்று நான் வாசலில் செருப்பை மெதுவாக மாட்டினேன். ஒரு செருப்பு மாட்ட எவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொள்ள முடியும்? கிளம்பிவிட்டேன்.

புது அறையில் டப்பாவை ஜன்னலுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தேன். இரண்டு நாள் விட்டு மூடியைத் திறந்தேன். பெரியம்மா விருட்டென்று ஓடி மரப்பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தூரிகையால் மெல்லத் தொட்டேன். திரும்பி, இரண்டு காலையும் தூக்கி, என்னை வரவேற்றாள்.

இடம் மாறியிருக்கிறது, பாவம், பழகட்டும் என்று விட்டேன். தோல் உரிக்கிற காலமும் நெருங்கியிருந்தது. வெளுத்து, முடி கொட்டி, பின்பக்கம் வழுக்கையாகத்தான் இருந்தாள். எனக்கே இந்த இடம் பழகவில்லை, அவளைக் குறை சொல்லி என்ன? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தேன். திறந்தால் ஓட்டம், தொட்டால் உதறல். என் புறங்கை அரிக்க ஆரம்பித்தது. கை அரிப்பு என் தொழிலில் புதிது இல்லை. முடி நேராக்குகிற மருந்தும் சாய மருந்தும் பட்டுப் பட்டு, எங்கள் கை எப்போதும் வெடித்துத்தான் கிடக்கும். களிம்பைத் தடவிக்கொண்டு போய்விடுவேன்.

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். "டப்பாக்குள்ள கெடக்கிற ஜீவனுக்கே உன்கூட ஒத்துப்போகல பாரேன்" என்று சிரித்தாள். "உன் குரலுக்கு அதுவும்தான் என்ன பண்ணும்?"

விளையாட்டுக்குச் சொன்னாள். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்னதைத்தான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தங்கமான மனுஷன், அவராலேயே இவளோடு குப்பை கொட்ட முடியவில்லை என்றால், குறை யாரிடம்? நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. எனக்கு என் கட்சி இருந்தது. ஆனால் பெரியம்மாவுக்குக் கட்சி கிடையாது. யார் கையில் வைத்தாலும் சாதுவாக இருந்த ஒரு ஜீவன் என் ஒருத்தியோடு மட்டும் இருக்கவேண்டி வந்ததும் இப்படி ஆகிவிட்டது என்றால், அதற்கு என்ன பதில் சொல்வது?

அவள் மறுபடி ஒருமுறை என் கையில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது. உட்கார்ந்தால், குறை என்னிடம் இல்லை. உட்காராவிட்டால், அக்கா சொன்னது சரி.

சிலந்திக்குக் காது கிடையாது. கால் முடியால்தான் அதிர்வைப் பிடிக்கும். அதனால் முதலில் வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடப்பதை விட்டேன். நாற்காலியின் காலுக்குத் துணி சுற்றினேன். பாத்திரத்தை இறக்கும்போது அடியில் கைப்பிடித் துணியை வைத்து இறக்கினேன். ரேடியோவை நிறுத்தினேன். போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்க் கிசுகிசுவென்று பேசினேன். சமைக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிற வழக்கம் உண்டு. அடுப்பைத் திட்டுவேன், வெங்காயத்தைத் திட்டுவேன். அதையும் விட்டேன். கீழே ஒரு பழைய பேப்பர் கிடங்கு, எப்போதும் பூட்டியே கிடக்கும். மேலே நான். அந்தக் கட்டடத்தில் ஆள் இருக்கிறதா என்று தபால்காரருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

வீட்டில் பழகினது வேலைக்கும் வந்துவிட்டது. முன்பெல்லாம் நான் கத்தரிக்கோலைவிட வாயைத்தான் அதிகம் அசைப்பேன். இப்போது சீப்பை வைக்கிற சத்தம்கூடக் கேட்காமல் வேலை செய்தேன். வாடிக்கையாளர் தலை சீக்கிரம் சாய்ந்து தூங்கிவிடும். முதலாளியம்மா ஒருநாள் முதுகில் தட்டி, "இப்பதான் நீ நல்லா இருக்கே. எவ்ளோ அடக்கம்! உன்னையே வேணும்னு கேட்டு வர்றாங்க" என்றார். எல்லோரும் நான் மாறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் அது தெரியவில்லை. அவள் அதே மாதிரி ஓடினாள், அதே மாதிரி உதறினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூடியைத் திறந்து, உள்ளங்கையை மண்ணோடு மண்ணாக வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தேன். மூச்சைக்கூட அளந்து விட்டேன். கால் மரத்துப்போனது. பெரியம்மா மூலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மெல்ல நகர்ந்து வந்தாள். என் விரல் நுனியை ஒரு காலால் தொட்டாள். தொட்ட காலைச் சூடு பட்டது போல இழுத்துக்கொண்டு, திரும்பி, வயிற்றைத் தேய்த்து உதறினாள். நான் கையை எடுத்து மூடியைப் போட்டுவிட்டு அழுதேன். ஒரு சிலந்திக்காக அழுகிறாயே என்று கேட்க அங்கே யாரும் இல்லை. இருந்திருந்தால், ஆமாம், சிலந்திக்காகத்தான் என்று சொல்லியிருப்பேன். அழுததும் சத்தம் வராமல்தான்.

அப்புறம் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். வெட்டுக்கிளியைப் போட்டால் ஒதுங்கிக்கொண்டாள். வழுக்கை விழுந்த இடம் கன்னங்கரேலென்று கறுத்தது. ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால், மல்லாந்து கிடந்தாள். புதிதாக வளர்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரியும். தோல் உரிக்கப் போகிறாள். அந்த நேரத்தில் தொடக்கூடாது, டப்பாவை நகர்த்தக்கூடாது, ஒன்றும் செய்யக்கூடாது. பார்த்துக்கொண்டிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

முதுகு ஓட்டின் ஓரம் பிளந்தது. பழைய கால்களுக்குள்ளிருந்து புதுக் கால்களை, ஈரத் துணியிலிருந்து கையை உருவுவது போல, ஒவ்வொன்றாக உருவினாள். நடுவில் நெடுநேரம் அசைவே இல்லை. சிக்கிக்கொண்டால் அவ்வளவுதான். பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி நான் விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லாக் காலும் வெளியே வந்தன. பழைய தோல் ஒருபுறம், புது உடம்பு ஒருபுறம். நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல யாரையாவது கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். யாரை என்று தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

உடம்பு இறுகி நிறம் ஏற சில நாள் ஆகும். அதுவரை அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு காலை, வெயில் ஜன்னல் வழியாக நேரே டப்பாவில் விழுந்த நேரத்தில் எட்டிப் பார்த்தேன். பெரியம்மா கறுப்பாக இருந்தாள். பழுப்பு இல்லை, செம்பு இல்லை. அசல் கறுப்பு. வயிற்றின் மேல் சிவப்பு முடி.

புதுத் தோல், நிறம் கூடக் குறைய இருக்கும் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போது, தலைச் சருமம் பார்க்கிற பெரிய பூதக்கண்ணாடியை முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். மறுநாள் வெயில் வந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முடியின் நுனியைப் பார்த்தேன். வயிற்றில் பார்த்தேன், காலில் பார்த்தேன், முழங்கால் வளைவில் பார்த்தேன். ஒரு முடி, ஒரே ஒரு முடிகூட வளையவில்லை. நானே இரும்பு வைத்து இழுத்துவிட்டது போல எல்லாம் நேர்.

சுருட்டை முடியை நேராக்கித்தான் நான் சோறு தின்கிறேன். வாசலில் நுழைகிறவள் தலையைப் பார்த்தே, இது பிறவிச் சுருளா, போட்ட சுருளா என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் இத்தனை மாதமும் டப்பாவின் மூடியைப் பார்த்தேனே தவிர, முடியைப் பார்க்கவில்லை. என் முன்னால் இருந்தது பெரியம்மா இல்லை. இன்ஸ்பெக்டர். அவர் தன் பிறவிக் குணப்படி ஓடியிருக்கிறார், உதறியிருக்கிறார், காலைத் தூக்கியிருக்கிறார். அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

குறை என்னிடம் இல்லை. எழுந்து நின்று சிரித்தேன். ரேடியோவைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினேன். ஏற்றியதும் காது கூசியது. குறைத்தேன். அப்புறம் நிறுத்தியே விட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. எனக்குத்தான் கண் அவிந்துபோயிற்று, அவருக்குமா? முடியின் நுனியைப் பார் என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். தன் டப்பாவைத் திறந்த அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். போனைப் போட்டேன். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்கப் போகிறேன் என்று நினைத்துத்தான் போட்டேன்.

"உங்ககிட்ட இருக்கிறது எது?" என்றேன்.

"பெரியம்மா" என்றார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். எடுத்துட்டு வா. மாத்திக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன், அதற்காகத்தான் அடக்கி வாசித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நீல மூடி டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். உள்ளே இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு படிக்கும் கடுகடுத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்தது. மனுஷன் இளைத்திருந்தார். சட்டையில் கிரீஸ் வாசனை அதே மாதிரிதான். என் பக்கத்து அலமாரி காலியாக அப்படியே கிடந்தது, ஒரு துண்டைக்கூட அதில் வைக்கவில்லை. பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மேஜைமேல் பச்சை மூடி டப்பா. அவர் திறந்து கையை உள்ளே வைத்தார். பெரியம்மா ஒவ்வொரு காலாக யோசித்து யோசித்து எடுத்து வைத்து ஏறினாள். செம்பு நிறம் பளபளவென்று இருந்தது. அவளும் தோல் உரித்திருக்கிறாள். முடியெல்லாம் நுனியில் வளைந்து வளைந்து, பூதக்கண்ணாடியே வேண்டாம், வாசலிலிருந்தே தெரிந்தது. அவர் தன் கையை என் கையோடு சேர்த்து வைத்தார். அவர் விரல் என் மேல் படாமல், அவ்வளவு கவனமாக. பெரியம்மா அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு நடந்து வந்து உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக நான் ஏங்கினது இதற்குத்தான். அவள் அசையவில்லை.

"எப்போ தெரியும்?" என்றேன்.

"பேக் பண்ணும்போதே."

"அப்பவே ஏன் சொல்லல? மாறிப்போச்சுன்னு ஒரு போன் போட்டிருக்கலாமே."

"மாறிப்போகல." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான்தான் மாத்தி வெச்சேன்."

அவருக்குத் தொடர்ந்து பேசுவது பழக்கமில்லை. துருப்பிடித்த கதவைத் தள்ளுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளினார்.

"நீ முடி வேலை செய்றவ. வீட்டுக்குப் போன உடனே பாத்துடுவேன்னு நெனச்சேன். பாத்தா கோபம் வரும். நேரா இங்க வருவே. வந்து கத்துவே. தெருவே எட்டிப் பாக்கிற மாதிரி கத்துவே. கத்தி முடிச்சா... டீ போடட்டுமான்னு கேப்பே." நிறுத்தினார். "அப்புறம் நீ போகமாட்டேன்னு நெனச்சேன்."

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை."

"வரலை."

"வாய் இருக்கில்ல உங்களுக்கு?"

"இருக்கு. வரலை." கண் கலங்கியிருந்தது. அந்த முகம் மாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "தினம் வாசலைப் பாத்துட்டு இருந்தேன். நீ வரவேயில்ல. நல்லா இருக்கே போலன்னு விட்டுட்டேன்."

பெரியம்மாவை டப்பாவுக்குள் இறக்கிவிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். செருப்பில்லாமல் நடந்தது, நாற்காலிக்குத் துணி சுற்றினது, ரேடியோவை நிறுத்தினது, மாடிப்படியில் போய் போன் பேசினது, அந்த ஞாயிற்றுக்கிழமை. நான்தான் அந்த ஜீவனைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தது. யாரும் என்னோடு இருக்க முடியாது, ஒரு சிலந்தியால்கூட முடியாது என்று நினைத்தது. சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"எனக்கு அப்படித் தோணவேயில்ல. சத்தியமா" என்றார்.

எனக்குத் தெரியும். அவருக்கு அப்படித் தோன்றியிருக்காது. ஒரு சொல் சொல்ல முடியாமல் ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்பிய மனுஷன் மேல் எனக்கு இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த மனுஷனுக்கு நான் இல்லாமல் முடியவில்லை என்பது தெரிந்தது. அதை எனக்குத் தெரியப்படுத்த அவர் கண்டுபிடித்த வழி என்னை என்ன செய்துவிட்டது என்பதும் தெரிந்தது. இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கத்தவேயில்லையே" என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இவ்வளவையும் நான் பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி சொல்லியிருக்கிறேன்.

"பழகிடுச்சு" என்றேன்.

"வேணாம். கத்து." ஒரு அடி முன்னால் வந்தார். "திட்டு என்னை. என்ன வேணா சொல்லு. நான் பதில் சொல்றேன். இந்தத் தடவை சொல்றேன்."

எத்தனை வருஷம் அந்த வார்த்தைக்காகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். நான் வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு ஆயிரம் இருந்தது. வயிற்றிலிருந்து எழும்பி நெஞ்சு வரை வந்தது. அதற்கு மேல் அதற்கு வழி தெரியவில்லை. மறுபடி முயன்றேன். இருமல்தான் வந்தது. அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

"இருந்துட்டுப் போயேன்" என்றார். நான் போகிறேன் என்று சொன்ன நாளில் வராத வார்த்தை.

"இருந்தா நீங்க பேசுவீங்க. நான் சரி சரின்னு கேட்டுட்டு இருப்பேன்" என்றேன். "வேண்டாங்க."

பச்சை மூடி டப்பாவை எடுத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் நீல மூடிக்குள் காலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அந்த மனுஷன் வாசல் வரை வந்தார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். வாசலில்தான் நின்றார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். பெரியம்மா உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தாள். பஸ் குலுங்கினாலும் சரி, நின்றாலும் சரி, அவளுக்கு ஒன்றுதான். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். இறங்குகிற இடத்தைச் சொன்னேன். அவர் காதைக் கிட்டே கொண்டுவந்து, "எங்கம்மா?" என்றார். மறுபடி சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார் அவர். "ஒண்ணுமே கேக்கலை."